பெண்டிங்கில் இருக்கும் சித்தி

கராஜ் கதவு மேலே ஏற ஏற, முதலில் சித்தியின் செருப்புதான் தெரிந்தது. அப்புறம் வெள்ளைச் சேலையின் கொசுவம், இடுப்பில் தொங்கும் ஜெபமாலை, நெஞ்சில் சிலுவை, மோவாய், தடித்த கண்ணாடி. கதவு முழுவதும் ஏறி நின்றபோது, தலைக்குப் பின்னால் வட்டமாக எரிந்துகொண்டிருந்த விளக்கும் தெரிந்தது. ஆள் உயரக் கட்-அவுட்டில், டெக்சஸின் சுகர் லேண்ட் ஊரில் எங்கள் வீட்டு கராஜுக்குள், சித்தி சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஃபாதரை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஊரிலிருந்து வந்தவர். ஏர்போர்ட்டிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தேன். வழியெல்லாம் ஃப்ரீவேயைப் பார்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனிதர் இப்போது ஒன்றுமே சொல்லவில்லை. பக்தியில்தான் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"கதவை மூடுங்கம்மா," என்றார்.

"என்ன ஃபாதர்?"

"முதல்ல கதவை மூடுங்க. நான் எதையும் பாக்கலை."

ரிமோட்டை அழுத்தினேன். தலையிலிருந்து கால்வரை சித்தி மெதுவாக மறைந்தாள். ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. கன்னியாஸ்திரி, அதோடு நர்ஸ். தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மடத்து ஆஸ்பத்திரியை நடத்தி, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானவள். அவள் போன பிறகு ஜனங்கள் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கேட்டது நடக்கிறது என்று பேச்சு பரவியது. மடத்துக்காரர்கள் ஆயரிடம் போனார்கள், ஆயர் ரோமுக்கு எழுதினார், சித்தியைப் புனிதையாக்கும் வேலை தொடங்கியது. இப்போதைக்கு அவள் 'இறை ஊழியர்'. அதற்கு மேல் இன்னும் பல படிகள், படிக்குப் படி விசாரணை. சாட்சியங்களைச் சேகரிக்கும் பொறுப்பு இந்த ஃபாதருடையது. பள்ளிக்கூட நாள் முழுக்க மடத்து ஹாஸ்டலில் சித்தியின் கண்ணெதிரே வளர்ந்தவள் நான். ஞாயிறு சாயங்காலம் பைபிள் மேல் கை வைத்து நான் பதில் சொல்ல, அவர் ரெக்கார்ட் பண்ணிக்கொள்வார். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார்.

கராஜ் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவோம். ஆரம்பத்தில் லிவிங் ரூம் போதுமானதாக இருந்தது. சித்தியின் பெயரால் ஒரு குழந்தை பிழைத்தது என்ற செய்தி பரவியதும் கூட்டம் பெருகி, கராஜுக்கு மாறினோம். கட்-அவுட் என் கணவரின் யோசனை. சென்னையில் வளர்ந்தவர். "கண்ட கண்ட நடிகனுக்கெல்லாம் வெக்கிறாங்க, நம்ம சித்திக்கு வெக்கக் கூடாதா?" என்று ஃபோம் போர்டில் ஆர்டர் பண்ணிவிட்டார். பின்னால் எரிந்த வட்டம் என் மகள் வீடியோ எடுக்க வாங்கிய ரிங் லைட். அவள் காலேஜுக்குப் போன பிறகு சும்மா கிடந்தது. ஒருநாள் வெளிச்சம் போதவில்லை என்று நான்தான் அதைக் கொண்டுபோய்ச் சித்தியின் தலைக்குப் பின்னால் வைத்தேன். வைத்ததும் அங்கிருந்த எல்லோரும் கைகூப்பினார்கள். அப்புறம் யாருக்கு அதை எடுக்க மனசு வரும்?

புல்வெட்டும் மெஷின் மாட்டும் கொக்கியிலிருந்து ஃப்ரீசர் கைப்பிடிவரை ஒரு கயிறு கட்டியிருந்தோம். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அதில் நேர்ச்சையைத் தொங்கவிடுவார்கள். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்ணும் வெள்ளிக் காலும் தொங்கும். எங்கள் கயிற்றில் ஹெச்-ஒன் விசா அப்ரூவல் நகல், புது வீட்டின் மாற்றுச் சாவி, பிறந்த குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டும் பட்டை, ஒருவருடைய டிரைவிங் லைசென்ஸ் நகல் எல்லாம் தொங்கின. டெக்சஸ் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, பெடஸ்டல் ஃபேன் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் பாட்டுப் பாடுவோம். சந்தோஷமாக இருந்தோம், அதையும் சொல்ல வேண்டும்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாதர் விளக்கினார். நானூறு வருஷத்துக் கதை. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் ஜனங்கள் தாங்களாகவே புனிதர்களை உண்டாக்கிக்கொண்டிருந்த காலம். நல்லவர் ஒருவர் செத்தால் பெட்டியை மூடுவதற்குள் அவர் துணியைக் கிழித்துக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் சரித்திரம் அச்சாகிவிடும், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு. பார்த்தார் அப்போதிருந்த போப்பாண்டவர், ஒரு சட்டம் போட்டார். ரோம் சொல்லாமல் யாருக்கும் ஒளிவட்டம் வரையக் கூடாது, கல்லறையில் விளக்கேற்றக் கூடாது, நேர்ச்சை தொங்கவிடக் கூடாது, அனுமதியில்லாமல் புதுமைகளை, அதாவது அற்புதங்களை, அச்சிடக் கூடாது. தணிக்கைக்காரர்கள் சரித்திரப் புத்தகங்களில் வரிகளின் மேல் மை பூசினார்கள், பக்கங்களை வெட்டி எடுத்தார்கள், படங்களைப் பிடுங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒருவரை ரோமுக்கு முந்திக்கொண்டு கொண்டாடினால், அந்தக் கொண்டாட்டமே அவர் பட்டத்துக்குத் தடை.

"நினைவு தெரியாத காலத்துல இருந்து கும்பிட்டு வர்ற பழைய ஆளுங்களுக்கு மட்டும் விலக்கு," என்றார்.

"அப்போ சித்தி நானூறு வருஷம் லேட்டாப் பொறந்துட்டா," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அப்பாவின் அலமாரி ஞாபகம் வந்தது. அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம் என்று, புனிதர்களைப் பற்றிய பழுப்பேறிய புத்தகங்கள் இருக்கும். சிலவற்றில் முதல் பக்கத்திலேயே, உள்ளே புதுமை என்றும் அர்ச்சியசிஷ்டவர் என்றும் எழுதியிருப்பதை வெறும் மனுஷ சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், திருச்சபையின் தீர்ப்புக்கு அடங்கி நடக்கிறேன் என்று ஆசிரியர் அறிக்கை விட்டிருப்பார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். நாலு பக்கம் தள்ளினால் செத்தவன் எழுந்து நடப்பான், இவர் வாசலிலேயே நின்று 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்கிறாரே என்று. அது ஆசிரியரின் அடக்கம் என்று நினைத்திருந்தேன். பயம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அந்தச் சட்டம் இன்னும் இருக்கா ஃபாதர்?"

"ஷரத்து மாறியிருக்கும்மா. கேள்வி மாறலை. பொது வணக்கம் நடந்ததான்னு கேப்பாங்க. நடக்கலைன்னு நான் எழுதிக் குடுக்கணும். நீங்க சாட்சி சொல்லணும்."

அப்புறம் அவர் என் புத்தகத்தைக் கேட்டார். சித்தியைப் பற்றி நான் எழுதிய சின்னச் சரித்திரம், 'எங்கள் புனித சித்தி'. மகள் வடிவமைத்து, இங்கே ஒரு பிரிண்டிங் கடையில் அச்சடித்து, பெட்டி பெட்டியாக அதே கராஜில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் பாரிஷ் ஹாலில் எல்லோருக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம்.

வரிக்கு வரி படித்தார். எனக்கு ஒரே பயம், சித்தியின் கோபத்தைப் பற்றி எழுதிய பக்கங்களை எடுத்துவிடுவாரோ என்று. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளியை அவள் ஊர் கேட்கத் திட்டுவாள். பெண்டாட்டியை அடித்துவிட்டுக் கட்டுப் போடக் கூட்டி வந்தவனை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அறைந்திருக்கிறாள். என் மூக்குக்கு மேல் வரும் கோபமெல்லாம் அவள் சொத்து. ஃபாதர் அந்தப் பக்கங்களைப் புன்னகையோடு படித்தார்.

"இதெல்லாம் இருக்கட்டும்மா. உண்மைதானே. கோபம் இருக்கலாம், புதுமைதான் இருக்கக் கூடாது." கடைசிப் பக்கத்தை விரலால் தட்டினார். "இது போகணும். அட்டையில 'புனித' போகணும். கராஜ்ல இருக்கறது எல்லாம் போகணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் நான் அஃபிஷியலா இந்த வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் நான் கண்ணால எதையும் பாக்கலை."

அவர் நல்லதைத்தான் செய்தார். என்னைத் தப்பிக்க வைக்கப் பார்த்தார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கராஜ் போகட்டும், அட்டை போகட்டும். அந்தக் கடைசிப் பக்கம் என்னுடையது அல்ல. அது ஒரு தாயின் நேர்ச்சை.

அவள் எங்கள் குழுவிலேயே இளையவள், தூத்துக்குடிப் பெண். புருஷன் ஒரு ஆயில் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆறு வயதில் ஒரே மகள். போன வருஷம் அந்தக் குழந்தைக்குத் திடீரென்று மூளையில் வீக்கம் வந்து, வலிப்பு நிற்காமல், ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடந்தது. நான் பார்க்கப் போனபோது என்னிடம் இருந்த சித்தியின் கட்டம் போட்ட கைக்குட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி வியர்வை துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டை, தைல வாசம் இன்னும் போகவில்லை. தாய்க்காரி அதை மகளின் தலைமாட்டில் கட்டிவிட்டு நேர்ந்துகொண்டாள். பிள்ளை கண் திறந்தால், சித்தி செய்ததை அச்சில் ஏற்றி ஊரறிய நன்றி சொல்வேன், வெள்ளியில் தலை செய்து சித்தி காலடியில் வைப்பேன் என்று. பிள்ளை கண் திறந்தது. நான் பார்மசிஸ்ட். அந்தப் பிள்ளைக்கு என்னென்ன மருந்து போனது என்று தாய்க்காரி சொல்லித் தெரியும், அதில் எது வேலை செய்திருக்கும் என்றும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை. கண் திறந்த பிள்ளையைக் கட்டிக்கொண்டு நின்றவளிடம் ஸ்டீராய்டைப் பற்றி எப்படிப் பேசுவது?

அந்தக் கடைசிப் பக்கத்தை அவளே எழுதியிருந்தாள். ஞாயிறு அது எல்லோர் கைக்கும் போக வேண்டும். திங்கட்கிழமை மகளுக்கு மறுபடி ஸ்கேன். வீக்கம் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சொன்ன சொல்லை ஸ்கேனுக்கு முன்னால் நிறைவேற்றிவிட வேண்டும் என்பதில் அவள் குறியாக இருந்தாள்.

சனிக்கிழமை காலை ஊருக்கு போன் பண்ணினேன். அம்மாவிடம் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு நாசூக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"ஒரு பக்கந்தானே? கிழிச்சுப் போடு. நான் கண்ணை மூடுறதுக்குள்ள எந் தங்கச்சியைப் பீடத்துல பாக்கணும். நீ எதையாவது செஞ்சு கெடுத்துராத."

அம்மா கேட்டது ஒன்றுதான். எண்பது வயதில் அவள் வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போய், பார்சலில் முகவரி ஒட்டும் வெள்ளை லேபிள் வாங்கி வந்தேன். நானும் கணவரும் கராஜில் உட்கார்ந்து, அட்டையில் 'புனித' என்ற சொல்லின் மேல் லேபிளை ஒட்டினோம். பிளேடால் கடைசிப் பக்கத்தை வெட்டினோம். பக்கம் தையலோடு ஒட்டிய இடத்தில் பிளேடு ஓடும்போது ஒரு சத்தம் வரும். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் இதைச் சம்பளத்துக்குச் செய்தவனுக்கும் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். கயிற்றையும் ரிங் லைட்டையும் கழற்றினோம். கட்-அவுட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார் கணவர். பிழை செய்த பிள்ளையை வகுப்பில் நிறுத்துவது போல இருந்தது.

பெட்டிகளில் பாதி முடிந்திருக்கும். கராஜின் பக்கக் கதவு திறந்து அவள் வந்தாள், புத்தகத்துக்கு ரிப்பன் கட்ட உதவி செய்ய. கையில் ரிப்பன் சுருள் இருந்தது. எங்கள் கையில் பிளேடு இருந்தது. தரையில் கிடந்த பக்கங்களைப் பார்த்தாள். தன் எழுத்து என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"என்னக்கா பண்ணுறீங்க?"

கணவர் தண்ணீர் குடிக்கிறேன் என்று உள்ளே நழுவினார். ஆம்பளைகளுக்கு இந்த நேரத்தில் எப்படித்தான் தாகம் எடுக்குமோ.

நான் சொன்னேன். போப்பாண்டவர், சட்டம், ஒளிவட்டம், எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன். அவள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"நான் பண்ணுனது தப்பாக்கா? சட்டப்படி தப்பா?"

"ஐயோ, உன் மேல ஒரு தப்பும் இல்லடா. இங்க பாரு, சித்தியோட பேரை எடுத்துட்டு அந்தப் பக்கத்தைத் தனியாப் போடலாம். மகளுக்கு உடம்பு சரியாச்சு, கடவுளுக்கு நன்றின்னு..."

"யாருக்குன்னு சொல்லாம நன்றி சொன்னா, யாரு வாங்கிக்குவா?"

வேறு வழி தெரியாமல், எங்கள் எல்லோருக்கும் புரிகிற பாஷையில் சொன்னேன். "சித்தியோட கேஸ் ரோம்ல பெண்டிங்ல இருக்கு. அது முடியிற வரைக்கும் நாம அமைதியா இருக்கணும்."

சட்டென்று பிடித்துக்கொண்டாள். "கிரீன் கார்டு மாதிரியாக்கா? பெண்டிங்ல இருக்கும்போது பெர்மிஷன் இல்லாம ஊருக்குப் போனா, அப்ளிகேஷனைக் கைவிட்டுட்டதா எடுத்துக்குவாங்கல்ல, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்," என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. மடச்சி நான்.

அவள் ஒரு பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். ரிப்பனை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எங்கப்பா எறந்தப்ப நான் போகல."

எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வீட்டில் நான் இருந்தேன்.

"பெண்டிங்னு சொன்னாரு வக்கீல். டிராவல் பெர்மிட் வரல, போகாதீங்கன்னாரு. கேட்டேன்க்கா. சொன்ன பேச்சைக் கேட்டு இங்கயே உக்காந்திருந்தேன். பெட்டியை எறக்குனதெல்லாம் போன்லதான் பாத்தேன். மண்ணு போடும்போது பஃபர் ஆகி படம் நின்னுருச்சு. திரும்ப வரும்போது எல்லாரும் கைகழுவிட்டு நிக்கிறாங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பா மன்னிச்சிருவாரு. அவரைத் தெரியும் எனக்கு. ஆனா இது நான் குடுத்த வாக்கு. திங்கக்கெழம ஸ்கேன். இப்பவும் பெண்டிங்னு சொல்லி உக்காரச் சொல்லுறீங்களாக்கா?"

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் சண்டை போடவில்லை. தரையில் கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஃப்ரீசர் மேல் வைத்தாள். வெள்ளித் தலை கொண்டு வந்திருந்தாள் போலிருக்கிறது. கைப்பையைத் திறந்தவள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற சித்தியைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க யார் மேலெல்லாமோ கோபப்பட்டேன். செத்துப்போன போப்பாண்டவர் மேல், ஃபாதர் மேல், ஓடிப்போய்த் தண்ணீர் குடித்த மனுஷன் மேல், நேர்ந்துகொண்ட அவள் மேல், சித்தி மேலும்கூட. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் இவள். இடையில் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால், என் மருந்து அறிவெல்லாம் சேர்ந்தும் அவளுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. நான் வெட்டிய பக்கத்தால்தான் என்று அவள் சாகும்வரை நினைப்பாள். நானும் நினைப்பேன், அதுதான் உண்மை.

சித்தியாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நின்ற ஒரு தாயை, ஃபைல் பெண்டிங் என்று அவள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

ஞாயிறு காலை கணவர் எழுவதற்கு முன்னால் கராஜுக்குப் போய், வெட்டிய பக்கங்களை அந்தந்தப் புத்தகத்துக்குள் செருகினேன். ஒட்ட நேரமில்லை. வெட்டாத பெட்டிகளை எடுக்கவில்லை, வெட்டியவையே போதுமானதாக இருந்தன. லேபிளைப் பிய்க்கப் போனால் அட்டையும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து பாரிஷ் ஹாலில் புத்தகம் கொடுத்தோம். வாங்கியவர்கள் பிரித்ததும் அந்தப் பக்கம் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார்கள், எடுத்ததால் படித்தார்கள். ஒட்டியிருந்தால் கடைசியில்தான் வந்திருக்கும், சிலர் அதுவரை வந்திருக்கவே மாட்டார்கள். வெட்டியதால் எல்லோரும் முதலில் படித்தது அதைத்தான். ஹாலில் பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் மகளோடு கடைசி வரிசையில் நின்றாள். ஒரு ஆன்ட்டி போய்க் குழந்தையின் கன்னத்தைப் பிடித்து, "ஹவ் ஆர் யூ டா தங்கம்?" என்று கேட்க, அது கூச்சத்தோடு, "ஐம் ஓகே ஆன்ட்டி," என்றது. தாய்க்காரி என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு பக்கம் ஃபாதரின் காலடியில் போய் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார், படித்தார், நாலாக மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் டைனிங் டேபிளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நடுவில் பைபிள், ரெக்கார்டர். சித்தியின் குழந்தைப் பருவம், குணம், ஜெபம், வேலை என்று கேட்டுக்கொண்டே போனார். கோபத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் தடுமாறாமல் சொன்னேன். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"இறை ஊழியருக்குப் பொது வணக்கம் எதுவும் செலுத்தப்பட்டதா உங்களுக்குத் தெரியுமா?"

கராஜ் காலியாக இருந்தது. கயிறு இல்லை, விளக்கு இல்லை. இல்லை என்று ஒரு சொல் போதும். அம்மாவின் முகம் கண்ணெதிரே வந்தது.

"தெரியும் ஃபாதர்."

அவர் ரெக்கார்டரை அணைத்தார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் மாத்தி எழுத முடியாது." ரெக்கார்டரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நான் சிஸ்டர் கையில பொறந்தவன். கொடி சுத்திப் பொறந்தேனாம். அவங்கதான் எடுத்தாங்க. அவங்க பீடம் ஏறணும்னு உங்களுக்கு இருக்கற ஆசையைவிட என் ஆசை கம்மி இல்லம்மா."

அது எனக்குத் தெரியாது. தெரிந்ததும் அழுகை வந்தது. இந்த மனுஷன் மேல் மூன்று நாளாகக் கோபப்பட்டிருக்கிறேனே.

"ஆன் பண்ணுங்க ஃபாதர்," என்றேன்.

ஆன் பண்ணினார். எல்லாவற்றையும் சொன்னேன். கராஜ், கட்-அவுட், கயிறு, பாட்டு. விளக்கை வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பக்கத்தைப் பரப்பியது யார் என்று கேட்டார். அதற்கும் நான்தான் என்றேன். அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்கேன் சுத்தமாக வந்தது. மருந்து என்று நான் நினைத்தேன், சித்தி என்று அவள் நினைத்தாள், இரண்டு பேருமே அழுதோம்.

சித்தியின் கேஸ் நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, அசையவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள். ரோமிலிருந்து எச்சரிக்கை வந்து, மடத்தில் கல்லறையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பூ, மெழுகுவர்த்தி, நேர்ச்சை எதுவும் வைக்கக் கூடாது என்று போர்டு வேறு. அம்மா ஈஸ்டர்வரை என்னோடு பேசவில்லை. இப்போதும் போனில் வெயிலையும் மழையையும்தான் பேசுகிறாள், தங்கச்சி பேச்சை எடுப்பதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

இந்தக் கோடையில் அந்தத் தூத்துக்குடிப் பெண்ணுக்கு கிரீன் கார்டு வந்தது. வந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பறந்தாள். ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. பின்னால் கடல் காற்று இரைந்தது.

"சித்தி கல்லறைக்குப் போனேன்க்கா. கிட்டயே விடல. வெள்ளியைக் கையில வச்சுக்கிட்டு வேலிக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னேன். வாட்ச்மேன் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"அப்புறம் என்னடா செஞ்ச?"

"அங்கேருந்து நேரா அப்பா கல்லறைக்குப் போயிட்டேன். அங்க யாரும் தடுக்கல. அவரு தலைமாட்டுல மண்ணைத் தோண்டி, வெள்ளியை உள்ள வச்சு, நானே என் கையால மண்ணு போட்டு மூடுனேன்க்கா. சித்திகிட்ட குடுத்துருங்கப்பான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவரு கொண்டுபோய்ச் சேத்துருவாரு."